மன்னர் வேண்டும் என்றவர்கள் சுதந்திரத்தின் பகைவர்களா?

கேள்வி: பிரெஞ்சுப் புரட்சியில் குடியரசா, வலிமையான மன்னராட்சியா என்ற விவாதம் எழுந்தபோது, மன்னருக்கு அதிகாரம் கேட்டவர்கள் எல்லோரும் பழைமைவாதிகள்தாமா? – வாசகர், கும்பகோணம்

பதில்: இல்லை. தங்கள் சலுகைகளைக் காத்துக்கொள்ள அரண்மனையை அண்டியிருந்த பிரபுக்களை விட்டுவிடுவோம். புரட்சியின் முன்வரிசையில் நின்ற மிராபோவே, மன்னருக்கு வீட்டோ அதிகாரம் (சபை இயற்றும் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம்) இல்லாத பிரான்ஸில் வாழ்வதைவிட, சுல்தானின் தனியாட்சி நடக்கும் கான்ஸ்டான்டிநோபிளில் வாழ்வதே மேல் என்று 1789 ஜூனில் பேசினார். அறுநூறு பேர் கொண்ட மக்கள் பிரதிநிதிகள் சபை, நாளைக்குத் தன்னை அசைக்க முடியாததாகவும் மறுநாள் பரம்பரை உரிமை உடையதாகவும் ஆக்கிக்கொண்டால் தட்டிக்கேட்பவர் யார் என்பதே அவருடைய அச்சம். (அவர் பின்னாளில் அரண்மனையிடம் இரகசியமாகப் பணம் பெற்றார் என்பது உண்மை, ஆனால் இந்தப் பேச்சு அதற்கு முந்தையது.)

சட்டங்களைத் தாமதப்படுத்தலாம், ஒழிக்க முடியாது என்ற அளவுக்கு மட்டும் மன்னருக்கு வீட்டோ தருவதென்று 1789 செப்டம்பரில் சபை 673-க்கு 325 என்ற வாக்குகளில் முடிவு செய்தது. 1791 ஜூனில் மன்னர் பதினாறாம் லூயி குடும்பத்தோடு தப்பியோடி வரேன் என்ற ஊரில் பிடிபட்ட பிறகுதான் குடியரசு என்ற பேச்சு வலுத்தது. மன்னர் இல்லாத நாள்களில் நாடு அமைதியாகவே இருந்ததையும், அனுபவமோ திறமையோ கேட்காமல் பிறப்பின் தற்செயலுக்கு விடப்படும் பதவி முட்டாளுக்கும் வாய்க்கலாம் என்பதையும் குடியரசை ஆதரித்த எழுத்தாளர் தாமஸ் பெய்ன் சுட்டிக்காட்டினார். பிரபுக்களோ பாதிரிமாரோ அல்லாத பொதுமக்களான மூன்றாம் வகுப்பினருக்காக எழுதிப் புகழ்பெற்ற சியெஸ் என்பவரோ, தனிமனிதனுக்கு மன்னராட்சியில்தான் சுதந்திரம் அதிகம் என்றும், அரசாங்கம் மேலே ஒரே புள்ளியில் முடிய வேண்டும், பலர் அமரும் மேடையாக விரியக் கூடாது என்றும் பதில் எழுதினார்.

1793–94இல் புரட்சியின் எதிரிகள் என்று கருதியவர்களைக் கொன்று குவித்துப் ‘பயங்கர ஆட்சி’ நடத்திய சபையை நினைத்தால், மிராபோவின் அச்சம் வீணானதல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த வாதம் நிற்பதற்கு அரசியலமைப்பை நம்பும் மன்னர் ஒருவர் தேவைப்பட்டார். லூயியோ, ஓடும்போது புரட்சியின் நடவடிக்கைகளைக் கண்டித்துத் தம் கைப்பட ஓர் அறிக்கை எழுதி வைத்துவிட்டே போனார். அதன் பிறகும் அவர் கடத்தப்பட்டார் என்று சாதித்து அரியணையைக் காப்பாற்ற முயன்ற மிதவாதிகளை யார் நம்புவார்கள்? அவரை அரியணையில் தொடரவிடக் கூடாது என்று மனுவில் கையெழுத்திடத் திரண்டவர்கள்மீது ஜூலை 17 அன்று பாரிஸின் ஷான் த மார்ஸ் திடலில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது, விவாதம் வாதங்களின் எல்லையைத் தாண்டிவிட்டது.

கேள்வி: அந்த வீட்டோவை மன்னர் பயன்படுத்தினாரா? – வாசகி, காரைக்குடி

பதில்: பயன்படுத்தினார், அதுவும் மிகத் தவறான இடங்களில். வெளிநாடு ஓடிய பிரபுக்களுக்கு எதிரான சட்டத்தையும், புதிய அரசியலமைப்புக்கு விசுவாச உறுதிமொழி ஏற்க மறுத்த பாதிரிமாருக்கு எதிரான சட்டத்தையும் 1791 இறுதியில் தடுத்தார். சபையின் அத்துமீறலிலிருந்து குடிமகனைக் காக்கும் என்று மிராபோ எதிர்பார்த்த அதிகாரம், புரட்சியின் எதிரிகளுக்குக் கேடயமாக மக்கள் கண்ணில் பட்டது. ‘திருவாளர் வீட்டோ’ என்ற கேலிப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. 1792 ஆகஸ்ட் 10 அன்று அரண்மனை தாக்கப்பட்டது. செப்டம்பர் 21 அன்று மன்னராட்சியே ஒழிக்கப்பட்டது.