புகழ்பெற்ற எழுத்தாளரின் பிள்ளையாக வெளிநாட்டில் வளர்வது எப்படி இருக்கும்?

நான் எழுத்தாளர் வீட்டுப் பிள்ளை இல்லை. ஆனால் சொந்த ஊர் கடையம். பாரதியார் எங்கள் ஊர் மாப்பிள்ளை. அந்த உரிமையில் அவருடைய மகள்களை வைத்தே பதில் சொல்கிறேன்.

புதுச்சேரி எப்படி வெளிநாடு ஆகும் என்று கேட்பீர்கள். 1954 வரை அங்கே பிரெஞ்சுக்காரர் ஆட்சிதானே. 1908இல், தான் எழுதிவந்த 'இந்தியா' பத்திரிகை மீதான வழக்கில் மாட்டாமல் பாரதி அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணமே அதுதான். மூத்தவர் தங்கம்மாள் 1904இல் பிறந்தவர், இளையவர் சகுந்தலா 1908. அப்பாவுக்குப் பெரிய பேர் இருந்தது, சரி. அந்தப் பேரைத் தேடி வந்தவர்களில் பிரிட்டிஷ் அரசின் ரகசியப் போலீஸ்தான் முதல் ஆள். 1910இல் 'இந்தியா'வும் நின்றுபோனது. அப்புறம் கடன்தான்.

ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு யாருக்கும் கிடைக்காத ஒன்று கிடைத்தது. எல்லையைத் தாண்டினால் கைது என்பதால் அப்பா பத்து வருஷம் ஊரிலேயே இருந்தார். விடுதலைப் போராட்டக்காரர் வ.வே.சு. ஐயர் போன்றவர்கள் வந்து போகிற வீடு. ஐயரின் மகள் சுபத்திரை, பாரதியின் நண்பர் மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி எல்லோரும் இதே மாதிரி அடைக்கல வாழ்க்கையில் வளர்ந்தவர்கள். 'பாப்பா பாட்டு' 1915இல் வெளிவந்தபோது சகுந்தலாவுக்கு ஏழு வயது இருக்கும். பாரதி ஊர் ஊராகக் கூட்டம் பேசப் போகிற ஆளாக இருந்திருந்தால் பிள்ளைகளோடு இவ்வளவு நெருக்கம் வாய்த்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

என்னைக் கேட்டால், கஷ்டம் வெளிநாட்டில் இல்லை, திரும்பி வருவதில்தான். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியைக் கடலூர் பக்கம் கைது செய்தார்கள். அடுத்த மாதம் விடுதலையாகி நேராகக் கடையம் வந்தார். நாடே அறிந்த கவிஞர், ஆனால் சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகுகிறவர். அக்ரகாரம் ஒதுக்கி வைத்தது. எங்கள் ஊர்க்காரர்கள் இதை இப்போது அவ்வளவாகச் சொல்வதில்லை, மாப்பிள்ளை பெருமை மட்டும் பேசுவோம். பிள்ளைகள் பாடு யோசித்துப் பாருங்கள். சொந்தக்காரர்கள் முகம் திருப்பினால் போலீஸ் பார்ப்பதை விட வலிக்கும்.

இந்தக் காலத்திலும் இது கொஞ்சம் உண்டு. அம்பாசமுத்திரத்துக்கு லீவில் வருகிற எழுத்தாளர் வீட்டுப் பையனிடம் முதல் கேள்வியே, "ஏல, ஒங்கப்பா அவ்வளவு எழுதுதாரு, ஒனக்கு வாசிக்கத் தெரியுமா?" என்பதுதான். டாக்டர் பிள்ளையிடம் யாரும் ஊசி போடத் தெரியுமா என்று கேட்பதில்லை!

சொத்து சேருமா என்று சிலர் நினைக்கலாம். 1921இல் பாரதி இறந்தார். 1949இல் அரசு அவர் எழுத்தை எடுத்துக்கொண்டபோது பதிப்புரிமை மகள்களிடம் இல்லை, சித்தப்பாவிடம் இருந்தது. அவர்களிடம் மிஞ்சியது நினைவுதான். அதை இருவருமே எழுதினார்கள். அம்மா செல்லம்மா சொன்னதையும் தங்கம்மாள் எழுதிவைத்தார். யதுகிரியின் நினைவுகளும் புத்தகமாகக் கிடைக்கிறது. என் பதிலை விட அவற்றைப் படியுங்கள், முதலில் யதுகிரி. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆனதால் அவருக்கு எதையும் மூடி மறைக்க வேண்டியிருக்கவில்லை.