விடுதி நிரம்புகிறது, வரி கட்டப் பணம் இல்லை: கோளாறு எங்கே?

கேள்வி: 12 அறைகள் உள்ள ஒரு விடுதி நடத்துகிறேன். தங்க வருபவர்களுக்குச் சுற்றுலா ஏற்பாடும் செய்து தருகிறேன். சீசனில் ஓர் அறைகூடக் காலியாக இருப்பதில்லை. ஆனால் வரி கட்டும் தேதி வந்தால் வங்கியில் பணம் இருப்பதில்லை. முன்பதிவுத் தளங்கள் கமிஷன் போக அனுப்பும் தொகையையே வருமானமாக எழுதி வருகிறேன். ஆண்டு முடிவில் மட்டும் ஒரு கணக்காளர் வந்து பார்ப்பார். அவர் இந்த முறை தவறு என்கிறார். எங்கிருந்து சரிசெய்வது? முழுநேரக் கணக்காளர் வைக்க வேண்டுமா?

பதில்: உங்கள் கணக்காளர் சொல்வது சரி. ஆனால் கமிஷனைச் சரியாக எழுதிவிட்டால் மட்டும் இந்தப் பிரச்சினை தீராது. கைக்கு வரும் பணம் யாருடையது, எந்த மாதத்துக்கு உரியது என்று பிரிக்காமல், வந்ததெல்லாம் வருமானம் என்று எழுதுகிறீர்கள். பொருள் விற்கும் கடையில் அப்படி எழுதினால் பெரிய தவறு வராது. பொருளைக் கொடுத்த கையோடு காசு வந்துவிடும். விடுதியில் பணம் ஒரு மாதம் வரும், ஆள் இன்னொரு மாதம் வருவார். அந்தப் பணத்துக்குள் அரசின் வரி, தளத்தின் கமிஷன், வண்டிக்காரருக்குத் தர வேண்டிய வாடகை, பணியாளர்களுக்கு விருந்தினர் விட்டுப் போகும் டிப்ஸ் எல்லாம் கலந்து கிடக்கும்.

ஒரே ஒரு முன்பதிவை எடுத்து அதன் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். மூன்று இரவுகள், இரவுக்கு 100, அதற்கு மேல் 10 சதவீதம் வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் இரண்டு மாதம் முன்பே 330 முழுவதையும் கட்டிவிட்டார். அன்றைக்கு உங்கள் வருமானம் பூஜ்யம். வங்கியில் 330 வரவு. அதில் 300 முன்பணக் கணக்கில், 30 வரிக் கணக்கில். முன்பணம் என்பது கடன்தான். மூன்று இரவு தங்க இடம் தருவதாக அவருக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள். 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் பன்னாட்டுக் கணக்கியல் தரமான ஐஎஃப்ஆர்எஸ் 15 இதை ஒப்பந்தப் பொறுப்பு என்றே சொல்கிறது. அவர் வந்து தங்கும் ஒவ்வோர் இரவும் 100 முன்பணத்திலிருந்து கழிந்து வருமானத்துக்குப் போகும். முதல் இரவு மாதக் கடைசி நாளில் விழுந்தால், அந்த மாதத்துக்கு 100, அடுத்த மாதத்துக்கு 200.

உங்கள் வங்கிக் கணக்கு ஏன் வற்றுகிறது என்பதற்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. சீசனுக்கு முன்பு முன்பணம் குவிகிறது. அதை வைத்துச் சுவருக்கு வர்ணம் அடிக்கிறோம், மெத்தை மாற்றுகிறோம், ஆள் குறைந்த மாதங்களின் சம்பளத்தைக் கொடுக்கிறோம். விருந்தினர் வந்து இறங்கும்போது சமையல், சலவை, மின்சாரம் என்று செலவு மட்டும் வருகிறது. அவர் கட்ட வேண்டிய பணம் ஏற்கெனவே வந்து செலவாகியும் விட்டது. நிரம்பிய விடுதியில் பணத் தட்டுப்பாடு வருவதற்கு நான் பார்த்த கணக்குகளில் முதல் காரணம் இதுதான். நஷ்டத்தில் ஓடும் விடுதி என்று பயந்து வருபவர்கள்கூட, பிரித்துப் பார்த்தால் லாபத்தில் இருப்பார்கள். வரப்போகும் விருந்தினரின் பணத்தில் இன்றைய செலவை ஓட்டியிருப்பார்கள், அவ்வளவுதான்.

வரி இதற்குள் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. வருமானத்தை இரவுக்கு இரவு எழுதுகிறோம். ஆனால் விற்பனை வரி அதே நாளில் வரும் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வாட் சட்டத்திலும் சரி, இந்தியாவின் ஜிஎஸ்டியிலும் சரி, சேவைக்கு முன்பணம் வாங்கினால் வாங்கிய தேதியிலேயே அந்தத் தொகைக்கு வரிப் பொறுப்பு வந்துவிடும். ஆக, ஒரே முன்பதிவுக்கு வருமானத்துக்கு ஒரு தேதி, வரிக்கு ஒரு தேதி. மேலே சொன்ன 30 என்றைக்கும் உங்கள் பணமாக இருந்ததே இல்லை. வரிக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறந்து, வாரம் ஒரு நாள், அந்த வாரம் வசூலான வரியை அதில் மாற்றிவிடுங்கள். எளிய வேலைதான், ஆனால் வரி தேதி வரும்போது ஏற்படும் பதற்றத்தை இதைவிட நன்றாகக் குறைக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. உள்ளாட்சிக்காக வசூலிக்கும் சுற்றுலா வரி இருந்தால் அதுவும் இதே கணக்குக்குப் போகட்டும்.

விருந்தினர் ரத்து செய்து, திருப்பித் தர வேண்டாத முன்பணம் உங்களிடம் தங்கிவிட்டால்? அது அப்போது உங்கள் வருமானம். அதற்கு விற்பனை வரி உண்டா இல்லையா என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்த ஒரு கேள்விக்கு உங்கள் கணக்காளரிடம் எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சீசனில் ரத்துகள் பல வரும். ஒவ்வொரு முறையும் யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

சரி, கமிஷனுக்கு வருவோம். தளத்தில் அறை 100க்கு விற்கிறது, தளம் 18 பிடித்துக்கொண்டு 82 அனுப்புகிறது. அறையை விற்பவர் நீங்கள், பில் உங்கள் பெயரில், தளம் இடைத்தரகர் மட்டும் என்றால் உங்கள் விற்பனை 100, கமிஷன் செலவு 18. வரியும் 100க்குத்தான். 82 என்று எழுதினால் விற்பனை வரி குறைவாகக் கட்டியதாக ஆகும். சோதனை வரும் நாளில் வட்டியும் அபராதமும் சேரும். கமிஷன் பில்லில் உள்ள வரியை வரவு எடுத்துக்கொள்ள, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, உங்கள் சட்டம் இடம் தந்தால், அந்த வாய்ப்பும் போய்விடும். தளம் வெளிநாட்டில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. கமிஷன் பில்லில் பெரும்பாலும் வரியே இருக்காது. பல நாடுகளில் அந்த வரியை வாங்குபவரான நீங்களே கணக்கிட்டுக் கட்ட வேண்டும்.

ஆனால் எல்லா ஒப்பந்தமும் இப்படி இல்லை. சில தளங்கள் உங்களிடம் அறையை 82க்கு வாங்கி, தங்கள் பெயரில் தாங்கள் விரும்பும் விலைக்கு விற்கும். அங்கே உங்கள் விற்பனையே 82 ஆக இருக்கலாம். ஒரே தளத்தில் இரண்டு முறையும் இருப்பதுண்டு. எனவே ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்: விருந்தினருக்கு யார் பெயரில் பில் போகிறது, விலையை யார் வைக்கிறார், விருந்தினர் வராவிட்டால் இழப்பு யாருக்கு. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எந்தத் தொகையை எழுதுவது என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

தளத்தின் மாதக் கணக்கை முன்பதிவு எண் வாரியாக உங்கள் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். மொத்தத் தொகை சரியாக இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். வராத விருந்தினருக்கும் கமிஷன் பிடித்திருப்பார்கள்; நான்கு நாள் பதிவு செய்து இரண்டே நாளில் கிளம்பியவருக்கு நான்கு நாள் கமிஷன் இருக்கும். மெய்நிகர் அட்டை, அதாவது ஒரு முன்பதிவுக்கென்று தளம் அனுப்பும் அட்டை எண், வழியாகப் பணம் தரும் தளங்களில் இன்னொரு ஓட்டை உண்டு. அந்த அட்டையிலிருந்து பணத்தை நாம்தான் எடுக்க வேண்டும், அதற்கும் கெடு இருக்கிறது. ஒரு விடுதியின் கணக்கை ஒத்துப் பார்த்தபோது, விருந்தினர் வந்து தங்கிப் போன பிறகும் கைபடாத அட்டைகள் பல கிடந்தன. வருமானப் பக்கம் நிறைவாக இருந்தது. பணம் மட்டும் வந்து சேரவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் பணிக்கு வரும் ரிசப்ஷனில், அது தன் வேலை என்று யாரும் நினைக்கவில்லை.

சுற்றுலா ஏற்பாட்டிலும் இதே கேள்விதான் எழுகிறது. விருந்தினருக்கு ஒரு படகுக்காரரைக் கைகாட்டிவிட்டு, பணத்தை நீங்கள் வாங்கி அவரிடம் கொடுத்து, நடுவில் கொஞ்சம் வைத்துக்கொண்டால், உங்கள் வருமானம் அந்தக் கொஞ்சம் மட்டுமே. மீதி அவருடையது, உங்கள் கையில் தங்கியிருக்கும் பாக்கி. மாறாக வண்டி, வழிகாட்டி, நுழைவுச் சீட்டு எல்லாவற்றையும் நீங்களே வாங்கி, ஒரு விலை வைத்து, வண்டி வராவிட்டால் பதில் சொல்லும் பொறுப்பையும் ஏற்றால், முழுத் தொகையும் உங்கள் விற்பனை. ஐஎஃப்ஆர்எஸ் 15 முகவர் (இன்னொருவருக்காக விற்பவர்) யார், முதல்வர் (தன் பொறுப்பில் விற்பவர்) யார் என்று பிரிப்பதும் இந்தப் பொறுப்பையும் விலை வைக்கும் உரிமையையும் விற்காமல் போகும் அபாயத்தையும் பார்த்துத்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கென்றே தனி முறை இருக்கிறது. 2006/112 எண்ணுள்ள வாட் உத்தரவின் 306 முதல் 310 வரையான பிரிவுகளின்படி, பயண ஏற்பாட்டாளர் தன் இடைலாபத்துக்கு மட்டும் வரி கட்டுவார். 70க்கு வாங்கிச் சேர்த்த பயணத்தை 100க்கு விற்றால் 30 மட்டும் கணக்கில் வரும்; அந்த 70இல் உள்ள வரியை வரவாக எடுக்க முடியாது. உங்கள் நாட்டில் எந்த முறை இருந்தாலும் ஒன்று மாறாது. எந்தப் பயணத்துக்கு எந்தச் செலவு என்று சேர்த்துவைக்காவிட்டால் லாபமும் தெரியாது, வரியும் சரியாக வராது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அது தொடர்பான ஒவ்வொரு பில்லிலும் அந்த எண்ணை எழுதுங்கள்.

காலை உணவோடு சேர்த்து அறை கொடுத்தால் விலையைப் பிரிக்க வேண்டும். அறை தனியாக 90, உணவு தனியாக 20, சேர்த்து 100 என்றால், அறைக்கு 81.82, உணவுக்கு 18.18. அறைக்கும் உணவுக்கும் வரி விகிதம் வேறாக உள்ள இடங்களில் தொகுப்புக்கு எந்த விகிதம் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். டிப்ஸ் பணியாளர்களுடையது; அதை வருமானத்தில் சேர்க்க வேண்டாம். பில்லில் நீங்கள் கட்டாயமாகப் போடும் சேவைக் கட்டணம் வேறு, அது பொதுவாக உங்கள் விற்பனையின் பகுதியாகவே பார்க்கப்படும்.

இவ்வளவையும் யார் செய்வது? பெரிய ஓட்டல்களில் நைட் ஆடிட் என்று ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வோர் இரவும் அந்த நாளின் கணக்கை மூடிவிடுவார்கள். 12 அறைக்கு அதைச் செய்ய அரைமணி நேரம் போதும். இரவுப் பணியில் இருப்பவர் அறைகளின் பட்டியலை எடுத்து, எந்த அறையில் யார், என்ன வாடகை என்று பதிவேட்டோடு சரிபார்ப்பார். தங்கியிருப்பவர்களின் அன்றைய வாடகையை முன்பணத்திலிருந்து கழிப்பார். கல்லாவில் உள்ள ரொக்கத்தை எண்ணுவார், அட்டை இயந்திரத்தின் நாள் மொத்தத்தை அச்சிட்டு பில்களோடு சேர்த்து வைப்பார். டேலி ஆகாவிட்டால் எவ்வளவு வித்தியாசம், ஏன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார். மூன்று மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காத காரணம், அன்று இரவே தேடினால் கிடைத்துவிடும்.

எனவே முழுநேரக் கணக்காளர் இப்போது தேவையில்லை. இரவு வேலையைச் செய்ய உங்கள் ஆட்களில் ஒருவரைப் பழக்குங்கள். வாரம் ஒருநாள் வந்து பில்களைப் பதிந்து, வங்கியையும் தளங்களையும் ஒத்துப் பார்க்க ஒரு பகுதிநேரக் கணக்கர் போதும். இப்போதுள்ள கணக்காளரை ஆண்டுக்கு ஒருமுறை அழைப்பதை விட்டுவிட்டு, வரிக் கணக்கு தாக்கல் செய்வதற்கு முன்பெல்லாம் ஒரு மணி நேரம் கேளுங்கள். ஆண்டு முடிவில் வருபவரால் நடந்து முடிந்த தவறைச் சொல்ல முடியும், அவ்வளவே. புதிதாக ஒருவரைத் தேடுவதானால், தளக் கமிஷனை எப்படி எழுதுவீர்கள், முன்பணத்தை எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள். இந்தத் தொழிலைத் தெரிந்தவர் உடனே உங்கள் ஒப்பந்தத்தைக் கேட்பார்.

கணக்குத் தலைப்புகளைப் புதிதாக யோசிக்க வேண்டாம். நியூயார்க் நகர ஓட்டல் சங்கம் 1926இல் வெளியிட்ட சீரான கணக்கு முறை, சுருக்கமாக யூசாலி, பல திருத்தங்களோடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் அறை, உணவு, பிற சேவைகள் என்று துறைவாரியாக வரவும் செலவும் எழுதுவார்கள். நிர்வாகம், விற்பனை, பராமரிப்பு, எரிசக்தி தனியாக நிற்கும். உங்களுக்கு அந்தத் தலைப்புகள் மட்டும் போதும். தளக் கமிஷன் அறைத் துறையின் செலவில் வரும். அப்போதுதான் அறை உண்மையில் எவ்வளவு சம்பாதிக்கிறது என்று தெரியும். 30 நாளில் உங்களிடம் 360 அறை இரவுகள். 270 விற்று 27,000 வந்தால் ஆக்குபன்சி, அதாவது அறை நிரம்பிய அளவு, 75 சதவீதம், சராசரி வாடகை 100, இருக்கும் அறை ஒவ்வொன்றுக்கும் ஓர் இரவுக்குக் கிடைத்தது 75. இதே கணக்கைக் கமிஷன் கழித்து, நேரடி முன்பதிவுக்கும் தளத்துக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒரு மாதத்தை அதற்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு வைத்துப் பாருங்கள்.

மெத்தை, ஏசி, குழாய் மாற்றுவதற்கு வருவாயில் 4 சதவீதம் அளவில் ஒதுக்கிவைப்பது இந்தத் தொழிலில் புழங்கும் ஒரு கணக்கு. பழைய கட்டடம் என்றால் கூட்டிக்கொள்ளுங்கள்.

தொடக்கத்துக்கு, கூட்டம் குறைந்த ஒரு மாதத்தின் முதல் தேதியைத் தேர்ந்தெடுங்கள். அன்று காலை உட்கார்ந்து, இனிமேல் வரப்போகும் விருந்தினர்களிடம் நீங்கள் ஏற்கெனவே வாங்கிவைத்திருக்கும் முன்பணம் முழுவதையும் பெயர், வரும் தேதி, தொகை என்று ஒரு தாளில் எழுதுங்கள். கட்ட வேண்டிய வரியையும், வண்டிக்காரர் முதல் படகுக்காரர் வரை தர வேண்டியதையும் அடியில் சேர்த்துக் கூட்டுங்கள். பக்கத்திலேயே வங்கி இருப்பை எழுதுங்கள். இருப்பு குறைவாக இருந்தால், அந்த வித்தியாசத்தை எத்தனை மாதத்தில் அடைப்பது என்று உங்கள் கணக்காளருடன் பேசி ஒரு தொகையை முடிவு செய்து, மாதாமாதம் சம்பளத்துக்கு முன்பாகவே அதை ஒதுக்கிவையுங்கள்.