அமெரிக்காவின் ‘முதல் ஹோம்ஸ்டெட் விவசாயி’ டேனியல் ஃப்ரீமன் யார்? அவருடைய வாழ்க்கை, குடும்பம் பற்றிச் சொல்ல முடியுமா?

பிள்ளையின் பள்ளிக் கட்டுரைக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் அடுத்த பத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மீதி பெரும்பாலும் என் அப்பாவைப் பற்றியது.

ஃப்ரீமன் 1826-இல் ஒஹாயோவில் பிறந்தவர், மருத்துவரும்கூட. 1862-இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 160 ஏக்கர் அரசு நிலத்தில் ஐந்து ஆண்டுகள் குடியிருந்து, வீடு கட்டி, உழுது காட்டினால் நிலம் சொந்தம். கட்டணம் மொத்தம் 18 டாலர். சட்டம் நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி 1. உள்நாட்டுப் போர்ப் படைக்குத் திரும்ப வேண்டிய அவசரத்தைச் சொல்லி, நள்ளிரவு தாண்டியதும் பிரவுன்வில் நில அலுவலகத்தைத் திறக்கவைத்து விண்ணப்பத்தைக் கொடுத்தார் என்பது வழிவழியாக வரும் கதை. நிலம் நெப்ராஸ்காவில், பியேட்ரிஸ் ஊருக்கு அருகே, கப் கிரீக் ஓடைக்கரையில் இருக்கிறது.

அதே நாளில் வெவ்வேறு அலுவலகங்களில் நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள் என்பது எனக்கும் தெரியும். டகோட்டாவில் மாலன் கோர் என்பவரும் நள்ளிரவுக் கணக்கே சொன்னார். பின்னூட்டத்தில் திருத்த வருபவர்கள் சற்றுப் பொறுங்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 1936-இல் ஃப்ரீமனின் நிலத்தைத்தான் நினைவிடமாக்கியது. நான் சண்டைக்கு வரவில்லை.

நான் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் வேலை பார்க்கிறேன். அங்கிருந்து பியேட்ரிஸுக்குக் காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சில வருடங்களுக்கு முன் அப்பா வந்திருந்தார். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் பருத்தியும் கம்பும் உளுந்தும் போட்டு எங்களைப் படிக்கவைத்தவர். “நயாகரா காட்டாமல் புல்வெளியைக் காட்டவா கூட்டிப்போகிறாய்?” என்று உறவினர்கள் தொலைபேசியில் என்னைக் கேலி செய்தார்கள். (அமெரிக்கா வந்தால் அருவி முன் நின்று படம் எடுத்தே ஆகவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? போகட்டும்.)

ஃப்ரீமனின் பழைய வீடு இப்போது இல்லை. ஆனால் 1868 ஜனவரியில், ஐந்து ஆண்டு முடிந்ததும், அண்டை வீட்டுக்காரர்கள் இருவர் அவருக்காகக் கொடுத்த சாட்சிப் பத்திரம் இருக்கிறது. அதன் நகலைக் கைபேசியில் வைத்திருந்தேன். புல்வெளி ஓரத்தில் நின்று அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். வீடு 14 அடிக்கு 20 அடி, ஒரே தளம், இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், பலகைத் தரை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, அடிமேல் அடி வைத்துப் புல்லில் 14-க்கு 20 அளந்தார். நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார். “நம் தொழுவம் இதைவிடப் பெரிது” என்றார்.

“இன்னும் கேளுங்கள். ஆட்டுக் கொட்டகை, நீளம் 100 அடி.”

“ஆட்டுக்கு நூறா? அவருக்கு இருபதா?” அப்பா சிரித்துவிட்டார். “அப்படியானால் சம்சாரிதான் தம்பி. சந்தேகமே இல்லை.” (எங்கள் பக்கம் சம்சாரி என்றால் விவசாயி.)

35 ஏக்கர் உழுது வேலி போட்டிருந்தார். தொழுவம், சோளக் குதிர், 40 ஆப்பிள் மரம், ஏறத்தாழ 400 பீச் மரம். 160 ஏக்கரில் ஐந்து வருடத்தில் 35 ஏக்கர்தானா என்று நான் நினைத்தேன். அப்பாவுக்கு அது குறைவாகத் தெரியவில்லை. வேர் பின்னிக் கிடக்கும் புல் தரையைக் கலப்பையால் கீறுவது என்ன பாடு என்று எனக்கு விளக்கத் தொடங்கிவிட்டார். பிறகு கேட்டார்: “நானூறு கன்றுக்கும் தண்ணீர் யார் ஊற்றினது?”

பத்திரத்தில் அதற்குப் பதில் இல்லை. ‘மனைவி, இரண்டு குழந்தைகள்’ என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. அந்த மனைவியின் பெயர் ஆக்னஸ் சூட்டர், அயோவாக்காரர். முதலில் அவர் டேனியலின் தம்பி ஜேம்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தார். ஜேம்ஸ் உள்நாட்டுப் போரில் இறந்துபோக, டேனியல் கடிதம் எழுதத் தொடங்கினார். கடிதத்திலேயே பேச்சு முடிந்து 1865-இல் திருமணம் நடந்தது. “நம் ஊரிலும் இப்படி உண்டு” என்பதோடு அப்பா நிறுத்திக்கொண்டார். எங்கள் வீட்டில் யாரை நினைத்துச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன்.

“இது முன்னால் யார் நிலம்?” என்றும் அப்பாதான் கேட்டார். ஓட்டோ, மிசௌரியா என்ற பூர்வகுடி மக்களுடையது. 1854 ஒப்பந்தத்தில் அவர்களை ஒதுக்கி, இதே கவுண்டியின் (நம் மாவட்டம் போல) தெற்கே ஒரு துண்டில் உட்காரவைத்தார்கள்; 1880-களின் தொடக்கத்தில் அதையும் விட்டு ஓக்லஹோமா பக்கம் போனார்கள். ஃப்ரீமனைப் புகழ்ந்துவிட்டு இதை மறைக்கிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். அதே சமயம், தெரிந்தபின் அந்த 400 கன்றையும் மறந்துவிட என்னால் முடியவில்லை.

எனக்குப் பிடித்த ஃப்ரீமன் எழுபது வயது தாண்டிய கிழவர். ஃப்ரீமன் பள்ளி என்றே பெயர்கொண்ட பக்கத்து அரசுப் பள்ளியில் ஆசிரியை பைபிள் வாசித்து, துதிப்பாடல் பாடவைத்தார். இவர் பள்ளி நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டார். 1902-இல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் இவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஊரே எதிர்த்தாலும் கவலைப்படாத ஆளாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். 1908 டிசம்பரில் இறந்தார். ஆக்னஸ் அதன்பின் இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்து 1931-இல் இறந்தார். இருவர் கல்லறையும் அந்த நிலத்திலேயே இருக்கின்றன.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததையும் சொல்லிவிடுகிறேன், மனது ஆறவில்லை. எங்கள் கொள்ளுத் தாத்தா வேலிக்கருவை வெட்டி, கல் பொறுக்கித் திருத்திய ஆறு ஏக்கருக்குப் பட்டாவில் அவர் அண்ணன் பெயர் இருக்கிறது. யாரோ எப்போதோ மாற்றி எழுதிவிட்டார்கள். அதைத் திருத்த அப்பா பதினொரு வருடமாக ஓர் அலுவலகத்துக்கு நடக்கிறார். ஒவ்வொரு முறையும் ‘அந்தக் காலத்து ஆதாரம் கொண்டுவாருங்கள்’ என்கிறார்கள். அண்டை வீட்டார் இரண்டு பேர் சாட்சி சொன்னால் போதும் என்ற காலம் எங்கோ இருந்திருக்கிறது என்று அன்று காரில் திரும்பும்போது அப்பா சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

கொள்ளுப் பாட்டியின் பெயரை அப்பாவிடம் கேட்டேன். வெகு நேரம் யோசித்தார். ஊரில் அத்தைக்குத் தெரிந்திருக்கும், அங்கே விடிந்ததும் கேட்கலாம் என்றார். விடிவதற்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.