கார் வைப்பர் ஓடவில்லை, ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. மோட்டாரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள்.

மெக்கானிக் பார்த்துவிட்டு மோட்டார் போய்விட்டது என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எதைப் பார்த்தார் என்று எழுதவில்லை. அநேகமாக ஃபியூஸைப் பார்த்திருப்பார். பிறகு மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, மீட்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்திருப்பார். கரண்ட் வருகிறது, மோட்டார் ஓடவில்லை, அப்படியென்றால் மோட்டார்தான் கெட்டிருக்கிறது என்று முடிவு கட்டியிருப்பார். எனக்கும் இதையேதான் சொன்னார்கள். நம்பிப் புது மோட்டார் போட்டேன்.

அதற்கு முன் நடந்தது இது. மருத்துவமனையிலிருந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு இரவில் வந்துகொண்டிருந்தேன். நல்ல மழை. வைப்பர் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து, கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிட்டது. ஓரமாக நிறுத்தி, மழை விடும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பின் சீட்டில் அப்பா குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

புது மோட்டார் போட்டதும் வைப்பர் ஓடியது. சரியாகப் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் அதே மாதிரி வேகம் குறைந்து நின்றது. திரும்பக் கொண்டுபோனால், இந்த முறை ஸ்டீயரிங் பக்கத்து ஸ்விட்ச் போய்விட்டது என்றார்கள். வேண்டாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கழற்றிய பழைய மோட்டார் டிக்கியில்தான் கிடந்தது. அதை பேட்டரியில் நேராகக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு வேகத்திலும் அருமையாக ஓடியது! அன்றைக்கு வந்த கோபத்தில்தான் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

விஷயம் இதுதான். கனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் மீட்டர் வழியாகக் கரண்ட் போவதே இல்லை என்று சொல்லலாம். அதனால் பாதி அரித்துப்போன வயரிலும் 12 வோல்ட் காட்டும். மோட்டார் ஓடும்போது பல ஆம்பியர் போக வேண்டும், அப்போதுதான் அந்த அரிப்பு வோல்ட்டைத் தின்னும். அதனால் கனெக்டரை மாட்டியே வைத்து, வைப்பரை ஆன் செய்து, கனெக்டரின் பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி அளக்க வேண்டும். மோட்டாரின் எர்த் வயரில், அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வயரில் ஒரு முனை, பேட்டரி நெகட்டிவில் இன்னொரு முனை. 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். எனக்கு 7 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த் வயரிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தற்காலிகமாக ஒரு தனி வயர் கொடுத்தேன், வைப்பர் முழு வேகத்தில் ஓடியது.

கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால், தண்ணீர் வடியும் ஓட்டையை இலைச் சருகு அடைத்திருந்தது. தண்ணீர் தேங்கி, எர்த் வயரை பாடியோடு முடுக்கியிருந்த போல்ட் முழுக்கத் துருப்பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, முடுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். அந்தப் பதினோரு நாள் ஓடியதற்குக் காரணம், மோட்டார் மாற்றும்போது அந்த வயர் கொஞ்சம் அசைந்து பிடித்துக்கொண்டதுதான் என்று நினைக்கிறேன்.

மோட்டாரே கெடாது என்று நான் சொல்லவில்லை, தொழில் தெரிந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்தால் ஒரு வேகம் மட்டும் போகலாம். ஆஃப் செய்ததும் கீழே போய்ப் படுக்காமல் நின்ற இடத்திலேயே நின்றால், பல வண்டிகளில் மோட்டாருக்குள் இருக்கும் பார்க் ஸ்விட்ச்தான் காரணம். விட்டு விட்டு ஓடுவது மட்டும் வேலை செய்யவில்லை என்றால் ரிலேயையும் (மோட்டாருக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் சின்னப் பெட்டி) ஸ்விட்சையும் பாருங்கள். மோட்டார் சத்தம் கேட்கிறது, வைப்பர் கை அசையவில்லை என்றால் அது கரண்ட் பிரச்சினையே இல்லை, கையைப் பிடித்திருக்கும் நட்டோ, மோட்டாரையும் கையையும் இணைக்கும் லிங்க் கம்பியோ கழன்றிருக்கலாம். புது மாடல்களில் மோட்டாருக்குள்ளேயே எலக்ட்ரானிக்ஸ் இருப்பதுண்டு, அவற்றை நான் செய்ததுபோல் பேட்டரியில் நேராகக் கொடுக்காதீர்கள். ஃபியூஸ் போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடவே போடாதீர்கள், வயர் எரியும். லிங்க் பக்கம் கை வைக்கும் முன் சாவியை எடுத்துவிடுங்கள்.

மழை என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டுக்கொண்டு மழையில் ஓட்டுகிறவர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? ஓரமாக நிற்கிறீர்களா, ஓடுகிறீர்களா என்பதும் தெரியாது. அன்றிரவு நான் உண்மையிலேயே ஓரமாக நின்றபோது அந்த விளக்கைத்தான் போட்டிருந்தேன். நானும் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து நெருங்கி வந்து, கடைசி நொடியில் ஒடித்துப் போனார் ஒருவர்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். முதலில் எர்த்தை அளந்து பாருங்கள். அது சரியாக இருந்தால், அதே மாதிரி ஓடவிட்டு, பேட்டரி பாசிட்டிவுக்கும் மோட்டாரின் சப்ளை வயருக்கும் நடுவே அளந்து பாருங்கள். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் நன்றாகத் தாண்டினால் ரிலே, ஸ்விட்ச், கனெக்டர் என்று பின்னோக்கித் தேட வேண்டும். இரண்டு பக்கமும் நன்றாக இருந்து, லிங்க்கும் இறுகாமல் இருந்து, அப்போதும் ஓடவில்லை என்றால் மோட்டாரை மாற்றுங்கள். பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.