தோப்பில் விட மண்புழு விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் 2 ஏக்கர் தென்னை. மண் இறுகிவிட்டது, பாய்ச்சும் தண்ணீர் மேலேயே நிற்கிறது. ஆப்பிரிக்க மண்புழு விட்டால் உழவே வேண்டாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். வாங்கலாமா?

வாங்காதீர்கள். அவர் விற்பது மண்ணைத் துளைத்துக் கீழே இறங்குகிற புழுவே இல்லை. யூட்ரிலஸ் (இதுதான் அந்த ஆப்பிரிக்கப் புழு), ஐசீனியா என்று விற்கிறார்களே, அவை சாணி, குப்பைக்குள் மேலாகவே வாழ்கிற ரகம். வெறும் மண்ணில் கொட்டினால் காய்ந்து சாகும், இல்லை காக்கை கொத்தும்.

உங்களுக்கு வேண்டியது லாம்பிட்டோ மாரிட்டி மாதிரி நாட்டுப் புழு. ராத்திரி மேலே வந்து மட்கிய இலையைத் தின்றுவிட்டு, மண்ணையும் விழுங்கிக்கொண்டு கீழே போகும். அது போய்வருகிற வளை வழியாகத்தான் தண்ணீரும் காற்றும் உள்ளே இறங்குகின்றன. அது தள்ளுகிற எச்சத்தில், பயிர் உடனே எடுத்துக்கொள்ளும் சத்து பக்கத்து மண்ணைவிட அதிகம்.

இதில் ஒரு தந்திரம் உண்டு. ஏஜென்ட் சித்திரை வெயிலில் வருவார், ஒரு அடி தோண்டிக் காட்டுவார், "பாருங்க, உங்க மண்ணுல புழுவே இல்ல" என்பார். கோடையில் நாட்டுப் புழு ஈரம் தேடி ஆழத்துக்குப் போய்ச் சுருண்டு கிடக்கும், அந்த ஒரு அடியில் எப்படி இருக்கும்? நல்ல மழைக்கு மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள், குருணை குருணையாக எச்சம் கிடந்தால் ஆள் உள்ளேதான் இருக்கிறது. அப்புறம், "நீங்க வளருங்க, நாங்களே திருப்பி வாங்கிக்கிறோம்" என்று ஒப்பந்தத்தை நீட்டினால் பேசவே பேசாதீர்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் இதே மாதிரி பேச்சை நம்பி ஈமு கோழியில் பணம் போட்டு ஏமாந்தவர்களைக் கேளுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு, மண்புழு உரத் தொட்டி. அதற்கு இந்த ஆப்பிரிக்கப் புழுதான் சரி, வேகமாகத் தின்னும், வேகமாகப் பெருகும். நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், பச்சைச் சாணி ஆகாது, அதன் சூட்டில் புழு செத்துவிடும், ஆறவைத்த சாணிதான். அதிலும் வருகிற உரத்தைத்தான் தோப்பில் போடுவது, புழுவை இல்லை. நம் மானியத் திட்டங்களில் தொட்டி கொடுப்பார்கள், புழு கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், இந்த வித்தியாசத்தை மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்!

சரி, செய்ய வேண்டியது என்ன? மட்டையை எரிக்காமல் வட்டப்பாத்தியில் மூடாக்காகப் போடுங்கள், மேலே கொஞ்சம் மட்கிய சாணி. ஈரம் காயவிடாதீர்கள். ரோட்டவேட்டரை (டிராக்டரில் மாட்டி மண்ணைப் பொடியாக்கும் கருவி) நிறுத்துங்கள், அது வளையையும் நொறுக்கும், புழுவையும் வெட்டும். குருணையாக வரும் பூச்சிமருந்தை மண்ணில் போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்றால் வேறு கதை, முதலில் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். இல்லையென்றால் இரண்டு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள், புழு தானாக வரும்.