கடற்கரைப் பக்கம் இரும்பு ஏன் இவ்வளவு கெதியா துருப்பிடிக்குது?

துருப்பிடிக்கிறதெண்டா இரும்பு, தண்ணி, காத்தில இருக்கிற ஒட்சிசன் மூண்டும் சேர்ந்து புதுசா ஒரு பொருளா மாறுறதுதான். கொழும்பில கடலோரமா இருக்கிற வெள்ளவத்தை மரைன் டிரைவ் பக்கம் ஜன்னல் கிறிலை நகத்தால சுரண்டிப் பாருங்கோ, பெயின்ற்றுக்குக் கீழ செங்கபிலமா பொருக்குப் பொருக்கா உதிரும், மஹரகம பக்கம் உள்ளுக்குப் போனா அதே கிறில் கனகாலம் தாங்கும். காரணம் கடல்காத்தோட வந்து படியிற உப்பு. இரும்பு துருவாகேக்க இலத்திரன் (மின்சாரத்தைக் கொண்டுபோற நுண்துகள்) இரும்பில ஒரு இடத்தில இருந்து இன்னொரு இடத்துக்குப் போகோணும், உப்புக் கரைஞ்ச ஈரம் மின்சாரத்தை நல்லாக் கடத்துறதால அந்த வேலை மளமளவெண்டு நடக்குது, போயா விடுமுறை நாளில கொழும்பு காலி றோட்டில பஸ் பறக்கிற மாதிரி (மற்ற நாளில எப்பிடியெண்டு சொல்லத் தேவையில்லை). உப்புதான் இரும்பைத் தின்னுது எண்டு கனபேர் நினைக்கினம், அப்பிடியில்லை, நல்லாக் காய்ஞ்ச உப்புக்குள்ள ஆணியைப் போட்டு ஈரம் புகாம போத்தலை இறுக்கி மூடினா ஆணி துருப்பிடிக்காது.