விசாரணை ஆணையத்தில் பெயர் பதிவதாகச் சொல்பவருக்கு முன்பணம் கொடுக்கலாமா?

லண்டனிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: அவருடைய நாத்தனார் 1970-களில், 14 வயதில், ஓர் ஒளிபரப்பு நிறுவனத்தின் இசை நிகழ்ச்சிக்குப் பார்வையாளராகச் சென்றபோது அங்கிருந்த ஊழியர் ஒருவர் அவரிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியிருக்கிறார். இதுவரை வெளியே சொல்லவில்லை. இப்போது ஃபோனில் அழைத்த ஒருவர், முன்பணம் கட்டினால் விசாரணை ஆணையத்தில் பெயரைப் பதிந்து இழப்பீடு வாங்கித் தருவதாகச் சொல்கிறாராம்.

ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள். முன் அனுமதியின்றி இழப்பீட்டு வழக்குக்கு ஃபோனில் ஆள் பிடிப்பதையே பிரிட்டிஷ் சட்டம் 2018 முதல் தடை செய்திருக்கிறது. மேலும், இத்தகைய விசாரணைகள் நிறுவனத்தில் நடந்த தவறைக் கண்டறிய அமைக்கப்படுபவை. இழப்பீடு வழங்குவது அவற்றின் வேலை அல்ல. பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி சவிலின் பாலியல் குற்ற விவகாரத்தில் பிபிசி நியமித்த முன்னாள் நீதிபதி ஜேனட் ஸ்மித், அந்நிறுவனப் பணியின் தொடர்பில் சவிலால் பாதிக்கப்பட்டவர்கள் 72 பேர் என்று 2016 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டார்; அத்தோடு அந்த விசாரணை முடிந்தது. முடிந்த விசாரணையில் எந்தத் தரகராலும் பெயர் சேர்க்க முடியாது. பாதிக்கப்பட்டவர்களைப் பல பத்தாண்டுகள் காக்கவைத்துவிட்டுக் கடைசியில் ஓர் அறிக்கையை மட்டும் கையில் கொடுப்பதை என்னால் நீதி என்று ஏற்க முடியவில்லை. தரகர்கள் புகுவதும் இந்த இடைவெளியில்தான்.

நாத்தனார் மனம் ஒப்பினால் முதலில் காவல்துறையிடம் செல்லட்டும். இத்தகைய கடும் குற்றங்களுக்கு இங்கிலாந்தில் காலக்கெடு இல்லை. ஒளிபரப்பாளர் ஸ்டூவர்ட் ஹால் 1960-கள் முதல் 80-கள் வரை செய்த குற்றங்களை 2013-இல் ஒப்புக்கொண்டு சிறை சென்றார். புகார் கொடுத்தவரின் பெயரை ஆயுள் முழுவதும் எவரும் வெளியிடக் கூடாது.

அடுத்தது, குற்றப் பாதிப்பு இழப்பீட்டுக்கான அரசு ஆணையம். அங்கே இரண்டாண்டுக் கெடு என்றதும் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். சிறு வயதில் பாதிக்கப்பட்டு, 18 வயதுக்குப் பிறகே முதன்முதலாகக் காவல்துறையிடம் சொல்பவருக்கு அந்த இரண்டாண்டு, சம்பவம் நடந்த நாளிலிருந்து அல்ல, சொன்ன நாளிலிருந்தே கணக்கிடப்படும். ஆகவே அவருடைய கெடு இன்னும் தொடங்கவே இல்லை. குற்றவாளி இறந்திருந்தாலும், தண்டிக்கப்படாமலே போயிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை; ஆள் வைக்கவும் தேவையில்லை.

நிறுவனத்தின்மீது உரிமையியல் வழக்குப் போடுவதென்றால் மட்டும், பதிவு பெற்ற சொலிசிட்டரிடம் (வழக்கறிஞரிடம்) நேரில் பேசுங்கள். அதற்கு முன், நினைவில் உள்ளதை நாத்தனார் தம் சொற்களிலேயே எழுதி, அன்றைய தேதியிட்டு வைக்கட்டும். பழைய நுழைவுச்சீட்டு, அழைப்புக் கடிதம், உடன் சென்ற தோழியின் பெயர் என எது கிடைத்தாலும் அதனுடன் சேர்த்து வைக்கட்டும். ஃபோனில் பேசியவர் அனுப்பும் எந்தப் படிவத்திலும் கையெழுத்திட வேண்டாம்.